அடகில் இருந்தவரை பத்திரம்

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, என் மேல் ஒரு நாள் கை நீட்டியது கிடையாது. சம்பளம் அக்கவுண்ட்டில் ஏறிய அன்றைக்கே போனை என் கையில் கொடுத்து, "பாத்துக்கோ" என்பார். இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்துவதில் எவ்வளவு பாடு இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். குடிகாரன் பெண்டாட்டிக்குப் பரிதாபப்பட நாலு பேர் வருவார்கள். நல்லவன் பெண்டாட்டி வாயைத் திறந்தால், "உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

குறை ஒன்றே ஒன்றுதான். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. கேட்பது அவருடைய தம்பியாக இருந்துவிட்டால், அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தலையை ஆட்டிவிடுவார். நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். மழையை நம்பிக் கிடக்கிற கொஞ்ச நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓசூருக்குப் பிழைக்க வந்தவர் இவர். "நான் இங்க ஃபேன் காத்துல நின்னு சம்பளம் வாங்குறேன், அவென் அங்க வெயில்ல காயுறான்" என்பார். அந்த ஃபேன் காற்று எது என்றால், தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை. அங்கே பிரஸ் மிஷினில் தகடு வெட்டுகிற வேலை. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி அந்த மிஷினுக்குப் போனது. தம்பி வெயிலில் காய்கிறானாம், இவர் சுகமாக இருக்கிறாராம்.

விரல் போன சமயம் எங்கள் மகள் ஐந்தாவது படித்தாள். ஒரே பிள்ளை. நான் செல்போனுக்குள் இருக்கிற போர்டுகளைப் பொருத்துகிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எனக்கு லீவு கிடைக்காது. அதனால் கட்டு மாற்ற அரசு ஆஸ்பத்திரிக்கு அப்பாவுக்குத் துணையாக அவள்தான் போவாள். அங்கே ஒரு நர்ஸம்மா, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் கட்டுப் போடுவாராம். வீட்டுக்கு வந்து மகள் அந்த அம்மாவைப் போலவே பேசிக் காட்டுவாள். பழைய வேட்டியைக் கிழித்து என் கை காலுக்கெல்லாம் கட்டுப் போட்டுப் பழகுவாள். "நர்ஸுக்குத்தாம்மா படிப்பேன்" என்றாள். பிள்ளைகள் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும். இவள் சொன்னதை மாற்றவே இல்லை. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும் முதல் வருஷம் சேரும்போது கையில் ஒரு தொகை இருக்க வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடியது அந்தத் தொகை ஒன்றுதான்.

சேர்ப்பது எனக்குப் பெரிய காரியமே இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துவிடுவேன். சேர்த்ததை வைக்கத்தான் இடமில்லை. அரிசி டின்னுக்குள் வைத்துப் பார்த்தேன். தம்பிக்கு டிராக்டர் வாடகை என்று இவரே தேடி எடுத்து அனுப்பிவிட்டு, "நீ ஷிஃப்ட்ல இருந்த, கேக்கலாம்னா போன் போகல" என்றார். தபால் ஆபீஸில் மாதாமாதம் கட்டினேன்; அது தம்பி கல்யாணத்துக்குப் போனது. பேங்கில் வைப்புத்தொகையாகப் போட்டேன். மூன்று வருஷத்துக்கு எடுக்க முடியாது என்று கவுன்ட்டரில் சொன்னதைக் கேட்டு, அப்பாடா என்று வீட்டுக்கு வந்தேன். தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவச் செலவு என்றதும் இவர் என்னை அந்தக் கவுன்ட்டரிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்சம் வட்டி குறையும் என்றார்கள், ஒரு கையெழுத்து வாங்கினார்கள், டீ குடித்து முடிக்கிற நேரத்தில் பணம் வெளியே வந்துவிட்டது. எடுக்க முடியாதாம், பெரிய முடியாது!

ஆபத்துக்குக் கொடுக்காதே என்று சொல்கிற ஆள் இல்லை நான். பிரசவத்துக்குக் கொடுத்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்ட மாட்டேன். ஆனால் போன பணம் எதுவும் திரும்பி வந்ததில்லை. தம்பி தரமாட்டான், இவர் கேட்கமாட்டார், நான் கேட்டால் கெட்டவள்.

எனக்கு வழி சொன்னது தேன்கனிக்கோட்டைக்காரி. எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு அவள். ஒரே கம்பெனி, ஒரே பஸ். அவள் புருஷன் ஊரில் ராகி போட்டு, யானை தின்றது போக மிச்சத்தை அறுக்கிறவன். ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, நீ சுத்த ஏமாளி அக்கா. பணத்தப் பணமா வெச்சிருந்தா கேக்கத்தான் கேப்பாங்க. நகையா மாத்து. மாத்தி, அத கொண்டு போயி பேங்குல அடகு வெச்சிடு."

"அடகா? எனக்கு என்ன கடன் இருக்கு, அடகு வைக்க?"

"கடன் எதுக்கு? சொல்றன் கேளு. இருக்கறதுலயே கம்மியா எவ்ளோ குடுப்பாங்களோ அத மட்டும் வாங்கு. வாங்கன பணத்தத் தொடாத. உன் அக்கவுண்ட்லயே கெடக்கட்டும், வட்டி கட்ட ஆவும். நக பேங்குக்காரன் பொட்டில பூட்டிக் கெடக்கும். லாக்கர் வேணும்னு போயி நின்னா நம்பள எவன் மதிக்கறான்? நாங்கல்லாம் அப்பிடித்தான் செய்றது. எங்கம்மா போட்ட காது மாட்டல் இன்னும் இருக்குதுன்னா அதனாலதான்."

"வீட்டுல கேட்டா?"

"அடகுல கீதுன்னு சொல்லு. அடகுல இருக்கற நகைய எந்த மவராசன் கேப்பான்?"

அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன். என் பொருளை நானே அடகு வைத்து, அதற்கு நானே வட்டியும் கட்ட வேண்டுமாம். ஆனால் படுத்துக்கிடந்து யோசிக்க யோசிக்க, அவள் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. கையில் சேமிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் பத்துப் பேர் கேட்பார்கள். கடன் இருக்கிறது என்று தெரிந்தால் போன்கூட வராது. வருஷத்துக்கு ஒரு சின்ன வட்டி, அவ்வளவுதான் காவல் கூலி. என் வீட்டுக்காரருடைய இரக்கத்துக்கு நான் அதுவரை கட்டியதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மூன்று தீபாவளி போனஸும் ஓவர்டைம் பணமும் சேர்த்து இரண்டு பவுனில் ஒரு சங்கிலி வாங்கினேன். ஒளித்து வாங்கவில்லை. பாப்பாவுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். அவர் சந்தோஷப்பட்டார். மகள் கழுத்தில் போட்டுப் போட்டோ எடுத்து, வேறு யாருக்கு, தம்பிக்குத்தான் அனுப்பினார். மறுவாரமே, "லைன்ல திருட்டு பயமா இருக்குங்க, பேங்குல வச்சிட்டு வந்துர்றேன்" என்றேன். "நல்லது புள்ள" என்றார். பேங்கில் வைப்பது என்றால் எப்படி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பேங்கில் நகையை உரசிப் பார்க்கிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏம்மா, இந்தச் சங்கிலிக்கு எவ்வளவு தரலாம் தெரியுமா? நீங்க கேக்குறது இதுல ஒரு மூலைக்குக்கூட வராது" என்றார். "அவ்வளவுதான் சார் தேவை" என்றேன். பக்கத்தில் காசு எண்ணிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சிரித்தார். என்னைப் போல நிறையப் பேரை அவர் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு தடவை தம்பி போன் போட்டு, மோட்டார் ரிப்பேருக்கு அந்தச் சங்கிலி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். இவர் என்னைப் பார்த்தார். "பேங்குல இருக்குங்க. இப்ப எடுக்க வராது" என்றேன். "பேங்குல கிடக்காம்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான்! சண்டை இல்லை, அழுகை இல்லை, தலையாட்டல் இல்லை. எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

அடகை வருஷத்துக்கு ஒரு முறை வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் லீவு போட்டுப் போய்ப் புதுப்பித்தேன். இரண்டாவது வருஷம், வைகாசியில், கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. சூப்பர்வைசரிடம் மூன்று தடவை லீவு கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே முடியாது என்றான். எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேங்கிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள், நான் எடுக்கவில்லை. அவசரத்துக்கு என்று இன்னொரு நம்பர் வாங்கி வைத்திருந்தார்கள். அது இவருடைய நம்பர். 'உங்க மனைவியோட நகைக்கடனுக்கு தேதி முடியுது' என்று இவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டு ஏதாவது சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் ஓவர்டைம் என்று காலையிலேயே கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது சட்டையில் மாம்பழ வாசனை அடிக்கும். கழுத்தும் தோளும் வெந்து கறுத்துக் கிடந்தன. "பட்டறையில ஆசிட் தெறிச்சிருச்சு" என்றார். மகள்தான் கிட்ட வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது மாங்கா பால் பட்ட புண்ணு. எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். இவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவள் தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டாள்.

சீசன் முடிகிற சமயம், ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மடியிலிருந்து நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும் புள்ள."

"என்ன தெரியும்?"

"பேங்குலேருந்து போன் வந்துச்சு. பாப்பா நகைய அடகு வச்சிருக்க. எங்கிட்டச் சொல்லல." கண் நிறைந்துவிட்டது. "எந்தம்பிக்கு அனுப்பி அனுப்பி உன்னையக் கடன்காரியாக்கிப்புட்டேன். எதுக்கு வச்ச? வாடகைக்கா? பாப்பா ஸ்கூலுக்கா? சரி, சொல்லாத. இந்தா, கிருஷ்ணகிரி மாங்கா மண்டியில லோடு ஏத்துனது. வட்டியோட வரும். நாளைக்கே போயி மீட்டுருவோம்."

அந்தக் கடன் பணம் என் அக்கவுண்ட்டில் அப்படியே கிடந்தது. அடகு வைத்த நாளிலிருந்து வட்டிக்குத் தவிர நான் அதைத் தொடவே இல்லை. அதே அளவு பணத்துக்காக இந்த மனுஷன் மாங்காய்ப் பெட்டியைத் தோளில் சுமந்து, தோல் வெந்து, பொய் சொல்லி, என் முன்னால் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

"அது அங்கயே இருக்கட்டுங்க" என்றேன். "இந்தப் பணத்தப் பாப்பா படிப்புக்கு வைப்போம்."

"பாத்தியா, இப்பயும் விட்டுத்தான் குடுக்குற" என்று சொல்லி இன்னும் அழுதார்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தேன்கனிக்கோட்டைக்காரியும் அதைத்தான் கேட்டாள். என்னவென்று சொல்வது? உங்கள் தம்பிக்குப் பயந்து வைக்கவில்லை, உங்களுக்குப் பயந்துதான் வைத்தேன் என்றா? புண் பிடித்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பார். மூன்றாம் நாள் எழுந்து, "அப்ப நமக்குக் கடனே இல்லையா புள்ள? நல்லதாப் போச்சு" என்று தம்பிக்குப் போன் போடுவார். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா அந்த மனசு!

மறுநாள் அவரே லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். பணம் கட்டி, சங்கிலியை வாங்கி, பேங்க் படியில் நிற்க வைத்து அவர் கையாலேயே என் கழுத்தில் போட்டுவிட்டார். போகிற வருகிற ஜனம் பார்த்தது. கல்யாணத்தன்றுகூட இவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை. லைன் வீட்டுக்குள் நுழையும்போது தேன்கனிக்கோட்டைக்காரி என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! வெளிய எடுத்துக்கினு வந்துட்டியா!" என்றாள். இவர் அதைப் பாராட்டு என்று நினைத்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

சத்தமில்லாமல் மறுபடியும் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஆடி வந்துவிட்டது. ஊரில் அம்மன் கோவில் பொங்கல். "சங்கிலிய போட்டுட்டு வா. என் பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்லன்னு எவனும் நெனைக்கக் கூடாது" என்றார். கழற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. வீம்பு பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கமாட்டார். இதற்குப் பிடித்தார்.

ஊரில் இறங்கிய நேரத்திலிருந்து அவருக்கு அந்த ஒரு கதைதான். பார்க்கிற பங்காளிகளிடமெல்லாம், "அடகுல கிடந்துச்சு. மண்டியில லோடு ஏத்தி மீட்டேன்ல" என்று கழுத்துப் புண்ணைக் காட்டினார். தம்பி புண்ணைப் பார்த்தமாதிரி தெரியவில்லை. பொங்கல் வைத்து முடித்து எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தான்.

"கிணறு வத்திப்போச்சுண்ணே. போர் வண்டி பக்கத்து ஊர்லதான் நிக்குது. இப்ப விட்டா இனி அடுத்த வருசந்தான் இந்தப் பக்கம் வரும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "மதினி, ஆறே மாசம். பருத்தி எடுத்ததும் மொத வேலையா மீட்டுக் குடுத்துர்றேன். வட்டியும் நாந்தான் கட்டுவேன்."

"அது பாப்பா படிப்புக்கு வச்சிருக்கு தம்பி" என்றேன். பத்துப் பேர் இருந்த பந்தியில் கொஞ்சம் சத்தமாகவேதான் சொன்னேன்.

"படிப்பு அடுத்த வருசந்தான மதினி. அதுக்குள்ள வந்துருமே."

நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார். "இதுல என்ன புள்ள இருக்கு? அடகு வைக்கிறது என்ன புதுசா? போன மாசம் வரைக்கும் அங்கதான கிடந்துச்சு. சும்மா கழுத்துல கிடக்குறதுக்கு, ஒரு விவசாயத்துக்கு ஆகட்டுமே."

பந்தியில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் பூட்டை உடைத்ததும் அவர்தான், உடைத்த பூட்டைக் காட்டி இது எப்போதும் திறந்துதான் கிடந்தது என்று சொன்னதும் அவர்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இலையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஓசூரில்தான் வட்டி குறைவு என்று அதே பேங்கில் வைத்தோம். இந்தத் தடவை மூலைக்கு வருகிற பணம் இல்லை, சங்கிலிக்கு எவ்வளவு தருவார்களோ அவ்வளவும். கையெழுத்து மட்டும் என்னுடையது. பணம் அங்கிருந்தே தம்பி அக்கவுண்ட்டுக்குப் போனது. அந்த வாரமே போர் போட்டார்கள். தம்பி வீடியோ அனுப்பினான். குழாய் இறங்க இறங்க வெள்ளைப் புழுதியாக மேலே வந்துகொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கடைசி வரைக்கும் வரவில்லை. நான் அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், "பாவம்டா நீ" என்று தம்பிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த லைன் வீட்டில் எனக்கு ஆறுதல் சொல்லத் தேன்கனிக்கோட்டைக்காரி ஒருத்திதான் இருந்தாள். ஒரு கிண்ணம் ராகிக் களியும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பருத்தியும் காய்ந்து போனது. மகள் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். தர்மபுரிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நர்ஸிங் இடமும் கிடைத்தது. போனில் வந்த செய்தியை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். பணம் கட்ட ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். இவர் தம்பிக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு வந்து, "அவென் அழுகுறான் புள்ள" என்றார்.

"அழட்டும்" என்றேன். "நம்ம பிள்ளையும் அழுதுகிட்டுத்தான் இருக்கா. அது உங்க காதுல விழலையா?"

அந்த வாரம் முழுக்க நான் அலையாத இடமில்லை. படிப்புக் கடன் கேட்டுப் போனால், கல்லூரியில் சேர்ந்ததற்குக் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள். கல்லூரியில் கேட்டால், முதலில் பணம் கட்டுங்கள், பிறகுதான் கடிதம் என்றார்கள். கம்பெனியில் முன்பணம் கேட்டேன்; கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்றார்கள். அந்தப் பழைய கடன் பணம் கொஞ்சம் இருந்ததே, அதையும் இவருடைய ஒரு மாதச் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தும் பாதிக்குக்கூட வரவில்லை. தேதி முடிந்துவிட்டது. இடம் வேறு யாருக்கோ போனது.

மகள் மூன்று நாள் சுருண்டு படுத்துக் கிடந்தாள். நான்காம் நாள், பன்னிரண்டாவது முடித்த பெண் பிள்ளைகளை நேரடியாக எடுக்கிற ஒரு கம்பெனிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒரு வருஷம் போறேன்மா. சேத்து வச்சு, அடுத்த வருஷம் நானே கட்டிச் சேந்துக்குறேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நான் ஏறுகிற அதே ஸ்டாப்பில் அவளும் வேறு கலர் சட்டை போட்டுக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். அவளை முதல் நாள் அங்கே பார்த்தபோது நான் பஸ் வரும் வரைக்கும் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

அவளுக்கு முதல் சம்பளம் வந்த சமயத்தில் சங்கிலிக்கும் தேதி வந்தது. வட்டி கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும் என்று பேங்கிலிருந்து சொன்னார்கள். தம்பி, "மழ இல்ல மதினி" என்று முடித்துக்கொண்டான். இவருக்குப் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் வாரத்துக்குப் பாதி நாள்தான் வேலை. பழைய கடன் பணமும் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. என்னிடம் இருந்தது வீட்டு வாடகை மட்டும். இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்த மகள், நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எவ்வளவும்மா?" என்றாள். நான் சொல்லவில்லை. அவள் அப்பா சொன்னார். நின்ற இடத்திலேயே போனை எடுத்து, நாலு தட்டுத் தட்டி, கட்டிவிட்டாள். அந்த மாதம் அவள் கைக்கு வந்ததில் கால்வாசிகூட மிச்சமில்லை.

இவருக்குத் தாங்கவில்லை. உடனே தம்பிக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார். "டேய், பாப்பா கட்டிட்டாடா! மொத சம்பளம்! நக போகாதுடா, எம்மக இருக்கா!"

அந்தப் பக்கம் தம்பிக்கும் சந்தோஷம்தான். "எங்கண்ணன் பெத்த புள்ளைல்ல!" என்றான். அடுத்த மூச்சிலேயே ஆரம்பித்தான்: "அண்ணே, தங்கம் இப்ப ரொம்ப ஏறிருக்காமே. அதையே மாத்தி வச்சா இன்னும் கொஞ்சம் மேல கிடைக்கும்னு சொல்றாங்க. இந்தப் பக்கம் கடன்காரன் வந்து நிக்கான்…"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்.

"வச்சுக் குடுங்கப்பா. வட்டிதான, நான் கட்டிக்குறேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியே அவள் அப்பா இருந்தார். பேங்க் படியில் பார்த்தேனே, அதே பெருமை. போனைப் பிடுங்கிக் கட் செய்தேன்.

"வாய மூடுடி! உன் படிப்புக்குன்னு வாங்குன சங்கிலிடி அது! மூணு தீபாவளி புதுத்துணி எடுக்காம வாங்குனது!"

அவள் கோபப்படவில்லை. கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அதான் படிக்கலையேம்மா" என்றாள். வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. போய்விட்டாள்.